பங்குனியும் சித்திரையும்: குடும்பமாகச் சேர்ந்து செய்ய என்னென்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுப்பரீட்சை அட்டவணை வந்ததும் எங்கள் குடியிருப்பில் ஒரே பேச்சுதான்: "லீவு விட்டா இதுகள வச்சுக்கிட்டு என்ன பண்றது?" நான் உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் வளர்ந்தவள். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். பக்கத்து வீட்டார், அண்ணிமார், பிள்ளைகளின் நண்பர்களுடைய அம்மாக்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்குப் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாங்கள் வீட்டில் செய்து பார்த்தவைதான் பெரும்பாலும்.

நம் ஊரில் வசந்தகாலம் என்று ஒன்று உண்டா? மார்ச் வந்தாலே வெயில்தானே?

உண்டு, ஆனால் குறுகியது. பழைய கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். பங்குனி பின்பனிக்குள் சேரும். இன்றைக்குப் பங்குனியில் பனியைத் தேடினால் கிடைக்காது. அதனால் நான் மரங்களைப் பார்த்துக் கணக்கு வைக்கிறேன். புங்கை துளிர்த்து வேம்பு பூக்கத் தொடங்கும் பங்குனி முதல், மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும் வரை ஆறேழு வாரம். அதுதான் நம் வசந்தம்.

கோயில்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தைத் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகவே கட்டினார். இறைவனுக்கே வெயில் நேரத்தில் குளிர்ச்சியாக ஓரிடம் வேண்டும் என்று நினைத்த ஊர் நம்முடையது.

எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: லீவு விடட்டும் என்று காத்திருக்காதீர்கள். பள்ளி மூடும்போது பாதி வசந்தம் முடிந்துபோயிருக்கும். இங்கே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலோ, பள்ளி விட்டு வந்த சாயங்காலத்திலோ முடிந்துவிடக்கூடியவை.

எந்த நேரத்தில் வெளியே கூட்டிப் போவது நல்லது?

காலை 5.30 முதல் 8.30 வரை. பிறகு மாலை 5 மணிக்கு மேல். 11 முதல் 3.30 வரை வீட்டுக்குள் செய்யும் வேலை. கையில் தண்ணீரோ நீர்மோரோ இருக்கட்டும். பிள்ளை சோர்ந்து, தலைவலி, குமட்டல் என்று சொன்னால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனை.

காசு செலவில்லாமல் எதிலிருந்து தொடங்கலாம்?

வேப்பம்பூவிலிருந்து. பங்குனியில் தெருவுக்கு ஒரு வேப்பமரமாவது பூத்திருக்கும். முந்தின நாள் இரவே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியையோ சேலையையோ விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். விடியற்காலையில் போனால் துணி முழுக்கப் பூ. பிள்ளைகளுக்கு அதை அள்ளுவதுதான் பெரிய குஷி. காம்பு, குச்சி, எறும்பு எல்லாம் பொறுக்கி, முறத்தில் புடைத்து, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் ஒரு பாட்டிலில் அடங்கிவிடும். ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும்.

ஏப்ரல் 14 அன்று சித்திரைப் பிறப்புக்கு வெல்லம், மாங்காய், வேப்பம்பூ சேர்த்துப் பச்சடி வைக்கிறோம். கடைப் பாக்கெட்டில் வந்த வேப்பம்பூவை என் மகள் தொட்டதே இல்லை. தானே பொறுக்கின பூ என்றதும் கசப்பை முகம் சுளிக்காமல் தின்றாள். அதற்காகவே விடியலில் எழுந்து போகலாம்.

வேம்புக்குப் பக்கத்தில் புங்கை நின்றால் அதையும் காட்டுங்கள். மரத்தடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ உதிர்ந்து கிடப்பது, பொரியைக் கொட்டி வைத்ததுபோல இருக்கும். சங்கப் பாடலிலும் புன்கம்பூ மணலில் கிடப்பதற்குப் பொரியைத்தான் உவமை சொல்லியிருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு பழைய உவமையை எங்கள் தெருவிலேயே பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது.

வடாம் போடுவதில் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? வேலை கெட்டுப்போகாதா?

சேர்க்கலாம். வடிவம் கொஞ்சம் கெடும், ருசி கெடாது. குடும்பம் மொத்தமும் ஒரே வேலையில் உட்கார, வடாத்தைப்போல வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் ஜவ்வரிசி வடாத்தில் தொடங்குங்கள். ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரவே ஊறவையுங்கள். காலையில் நான்கைந்து டம்ளர் தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் போட்டு, மணிகள் கண்ணாடிபோல ஆகும்வரை கிண்டுங்கள். பச்சைமிளகாய் அரைத்தது, சீரகம், பெருங்காயம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும் வாயில் வைத்தால் குறைவாகத் தெரியவேண்டும். காய்ந்து சுருங்கும்போது அதே உப்பு தூக்கலாகிவிடும். முதல் வருடம் நான் இதைத் தெரியாமல் போட்டு, ஒரு டப்பா வடாமும் வாயில் வைக்க முடியாமல் போனது.

அடுப்படி வேலை பெரியவர்களுடையது. கொதிக்கிற கூழ் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் கிண்டும்போது பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கை பொறுக்கும் சூடு ஆனதும் மாடிக்கு எடுத்துப்போய், நனைத்துப் பிழிந்த வேட்டியை விரித்து, ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துவிடுங்கள். வட்டமாகத்தான் ஊற்றவேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் மகன் ஒரு வருடம் தன் பெயரையே எழுத்து எழுத்தாக ஊற்றினான். பொரித்தபோது அந்த எழுத்துகளைத் தேடித் தேடி எடுத்துத் தின்றான்.

ஏழு மணிக்குள் ஊற்றி முடித்தால் முதல் நாளிலேயே மேல்பக்கம் காய்ந்துவிடும். மாலையில் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் தானாகக் கழன்று வரும். உரிப்பது பிள்ளைகளின் வேலை. பாதி காய்ந்ததை உரிக்கும்போதே பாதி வாய்க்குள் போகும், விட்டுவிடுங்கள். பிறகு தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு நாள் வெயில். ஒடித்தால் 'டக்' என்று ஒடியவேண்டும்.

காக்காய் விரட்டுவது தனி உத்தியோகம். எங்கள் ஆச்சி அதற்குச் சம்பளமே கொடுப்பாள், ஒரு கை கூழ். மாடிப்படி நிழலில் ஒரு குச்சியோடு உட்கார்ந்து, அரைமணிக்கு ஒருவர் என்று முறை மாற்றிக்கொள்வோம். அக்கா தங்கை, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் மனம் விட்டுப் பேசியது அந்தப் படிக்கட்டில்தான்.

வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குள் என்ன செய்வது? செல்போனைப் பிடுங்கினால் சண்டை வருகிறதே?

பிடுங்கவேண்டாம், கைக்கு வேறு வேலை கொடுங்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். ஓட்டுப்புளியாகவே ஐந்து கிலோ வாங்கிப் பாருங்கள். மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் ஓடு உடைக்க, ஒருவர் நார் உருவ, ஒருவர் கொட்டை தட்ட, பேச்சோடு பேச்சாக வேலை முடியும். கல்லுப்பு சேர்த்து ஜாடியில் அடைத்தால் வருடம் தாங்கும்.

ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தக் கொட்டைதான். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை 70 எடுத்துவைத்தால் பல்லாங்குழி தயார். பலகை இல்லாவிட்டால் 14 சின்னக் கிண்ணம், எதிரெதிரே ஏழு ஏழாக. குழிக்கு ஐந்து கொட்டை. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கடைசிக் கொட்டை விழுந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அப்பால் இருக்கும் குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விடவேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் விதி மாறும். உங்கள் வீட்டு ஆச்சியோ அப்பத்தாவோ சொல்லும் விதியே வீட்டுக்கு விதியாக இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் இதில் தானாக வரும்.

மிச்சக் கொட்டையில் நான்கைந்தை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் கருங்கல் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டைக்குப் பதில் ஆகும். தேய்த்த சூட்டோடு தம்பியின் கையில் வைத்துச் சுடுவது எல்லா வீட்டிலும் நடக்கும், கண்டுகொள்ளாதீர்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மட்டும் கொட்டைகளை எட்டாத இடத்தில் வையுங்கள், வாயில் போட்டுவிடும்.

நுங்கும் பதநீரும் எப்போது, எப்படி வாங்குவது?

இது என் ஊர் சமாச்சாரம். பதநீர் மாசி வாக்கிலேயே தொடங்கிவிடும், நுங்கு பங்குனி சித்திரையில் வண்டி வண்டியாக வரும். தெற்கே எங்கள் பக்கம் பதநீரைப் பயினி என்போம். யாழ்ப்பாணத்தில் கருப்பநீர்.

சாலையோரக் கடையில் வாங்கித் தின்றுவிட்டு வருவதோடு நிறுத்தாமல், ஒருமுறையாவது பிள்ளைகளைப் பனை நிற்கும் இடத்துக்கே கூட்டிப்போங்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், விழுப்புரம் பக்கம் உறவு இருந்தால் சுலபம். விடியற்காலையில் பனையேறி மரத்திலிருந்து இறங்கும்போது அங்கே நிற்கவேண்டும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். நுங்கு பெண்பனையில் மட்டும்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் பதநீர் புளிக்காமல் இனிப்பாக இருக்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். இதைப் பனையேறியின் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறி இறங்குகிறார் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கேட்ட பிறகு விலையில் பேரம் பேச நமக்கே வாய் வராது.

ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, அதில் நுங்கைப் போட்டுக் குடிக்கவேண்டும். நுங்கைச் சீவித் தரும்போது மேலே மூன்று கண் தெரியும். விரலை விட்டு நோண்டி, வாயை வைத்து உறிஞ்சுங்கள், கரண்டி வேண்டாம். முற்றியதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், வயிறு வலிக்கும்.

தின்று முடித்த கூந்தலில், அதாவது நுங்கு எடுத்த வெறும் காயில், ஒரே அளவாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளக் கெட்டிக் குச்சியின் இரு முனையிலும் இரண்டையும் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டை உள்ள நீளக் குச்சியின் கவட்டையை அந்த அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். இரண்டு மூன்று நாளில் காய்ந்து சுருங்கிவிடும், அதற்குள் அடுத்த நுங்கு வந்துவிடும். அப்பாமார்கள்தான் இதில் பிள்ளைகளைவிட அதிகம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவியல் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு ஏதாவது உண்டா?

நிழலில்லா நாள். இதைத் தவறவிடவே கூடாது. வருடத்தில் இரண்டு நாள் மட்டும் நண்பகலில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது நட்டுக்குத்தலாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. அதில் முதல் நாள் ஏப்ரலில் வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், திருச்சியில் 18, கோவையில் 19, சென்னையில் 24 வாக்கில். தெற்கிலிருந்து வடக்கே சூரியன் நகர்ந்துபோவது தேதியிலேயே தெரிகிறது, பாருங்கள். இலங்கையில் இன்னும் முன்னதாக, ஏப்ரல் 5 முதல் 15 வரைக்குள் தீவு முழுவதையும் கடந்துவிடும். இரண்டாம் நாள் ஊரைப் பொறுத்து ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வரும்.

மாடியில் சமதளமான இடத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரையோ தண்ணீர் பாட்டிலையோ நிறுத்துங்கள். 11.30க்கே நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. நிழல் சுருங்கிச் சுருங்கி, 12 மணி 5 நிமிடத்துக்கும் 12.25க்கும் இடையில் ஒரு நேரத்தில் டம்ளருக்கு அடியில் போய்விடும். சென்னையில் முன்னதாக, கோவையில் சற்றுப் பிந்தி. இந்திய நேரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஆனால் சூரியன் கிழக்கே உள்ள ஊருக்கு முதலில் உச்சிக்கு வருகிறது. உறவினர் இரண்டு ஊரில் இருந்தால் போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள், சுவை கூடும். கொதிக்கும் வெயில் என்பதால் செருப்பும் குடையும் கட்டாயம். புள்ளி வைக்க மட்டும் வெளியே வந்து, மற்ற நேரம் நிழலில் இருக்கட்டும்.

ராத்திரி மொட்டை மாடியில் படுக்கிறோம். வானத்தில் எதைக் காட்டுவது?

நம் மாதப் பெயர்களையே காட்டலாம். பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ, அதன் பெயரை ஒட்டியே பெரும்பாலும் மாதத்தின் பெயர். சித்திரைப் பௌர்ணமியில் நிலா சித்திரை நட்சத்திரத்தின் பக்கம் இருக்கும். வைகாசியில் விசாகத்தின் பக்கம்.

கண்டுபிடிக்க எளிய வழி இது. ஏப்ரலில் இரவு 8.30 மணிக்கு மேல் வடக்கே பாருங்கள், சப்தரிஷி மண்டலம் ஏழு மீன்களோடு நிற்கும். அதன் வால் வளைந்திருக்கும். அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு கிழக்கே வந்தால் செம்மஞ்சளாக ஒரு பிரகாசமான மீன், அது சுவாதி. அதே வளைவில் இன்னும் தெற்கே இறங்கினால் வெண்ணீலமாக ஒன்று, அதுதான் சித்திரை. சப்தரிஷி வாலின் நடு மீன் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. கல்யாணத்தில் பகலில் காட்டும் அருந்ததியை நிஜமாகவே பார்த்ததும் என் கணவருக்கு வந்த சந்தோஷம் பிள்ளைகளுடையதைவிடப் பெரிது.

சென்னையில் ஆமைக்குஞ்சு விடுவதைப் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆலிவ் ரிட்லி என்று செய்தியில் சொல்லும் ஆமைக்கு நம் கடலோரப் பெயர் பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் காப்பாற்ற அந்த முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிவைப்பார்கள். ஏறத்தாழ 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டை தேடும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. வனத்துறையும் பொரிப்பகம் நடத்துகிறது.

மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது பொதுமக்கள் நின்று பார்க்க அனுமதிப்பார்கள். போகும் முன் நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் குஞ்சு பொரியும் நாளை ஆமைதான் முடிவுசெய்கிறது. அங்கே பிள்ளைகள் செய்யவேண்டியது மூன்று: கயிற்றுக்குப் பின்னால் நிற்பது, குஞ்சைத் தொடாமல் இருப்பது, டார்ச்சும் கேமரா வெளிச்சமும் போடாமல் இருப்பது. குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். இயற்கையில் அது கடலின் மினுமினுப்பு. கரையில் விளக்கு எரிந்தால் வழிதவறி ஊருக்குள் வரும். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒன்று முதல் அலையில் உருண்டு, எழுந்து, மறுபடி கடலை நோக்கி நடப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, வீட்டில் யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம், எங்கேயும் போக முடியாது. அப்போது?

ஜன்னலில் காது வையுங்கள். விடியலில் கூவுகிற குயில் ஆண். கன்னங்கரேல் என்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதற்கு இந்த ராகம் கிடையாது. காக்காய்க் கூட்டில் முட்டையிடப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே ஒளிந்திருக்கும். காக்காய் குயிலைத் துரத்துவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிள்ளைகள் தினமும் தேடுவார்கள். பாத்திரக்காரர் செம்பு தட்டுவதுபோல 'டொக் டொக் டொக்' என்று விடாமல் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். உருவம் சின்னது, குரல்தான் பெரிது.

மண்சட்டி ஒன்றில் தண்ணீர் வையுங்கள், ஆழம் வேண்டாம். தினமும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். தெருவில் எந்த மரம் எந்தத் தேதியில் பூத்தது என்று நாட்காட்டியில் குறித்துவாருங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் சரக்கொன்றைக்கு மஞ்சள் பொட்டு, மயில்கொன்றைக்குச் சிவப்புப் பொட்டு. பழைய நாட்காட்டிகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறோம், ஒப்பிட்டுப் பார்க்க.

சின்னப் பிள்ளைகளோடு திருவிழாவுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் எந்த நாள் என்பதில் கவனம் வேண்டும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் எல்லோரும் நினைப்பது அழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமி விடியலைத்தான். லட்சக்கணக்கில் கூட்டம், கைப்பிள்ளையோடு அங்கே நிற்க நான் சொல்லமாட்டேன். அதற்கு முந்தைய நாட்களில் மாசி வீதிகளில் மீனாட்சியும் சுவாமியும் வாகனத்தில் வரும் சாயங்காலங்கள் இருக்கின்றன. முன்னால் கோலாட்டம் ஆடிவரும் சிறுமிகள், வேடம் கட்டிய பிள்ளைகள், வீதியோரம் நீர்மோரும் பானகமும். உங்கள் பிள்ளைக்கு அதில் வேண்டியதெல்லாம் இருக்கிறது.

சென்னையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர். அன்று மாட வீதிகளில் நெரிசல் அதிகம். வயதானவர்களும் சிறுவர்களும் இருந்தால் மத்தியான நெரிசலைத் தவிருங்கள், அல்லது வேறு நாளில் இரவு வாகனத்தைப் பாருங்கள். எங்கே போனாலும் பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் செல்போன் எண்ணை எழுதிப் போடுங்கள், தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போவது?

மே மாதத்துக்குப் பதில் ஏப்ரல் தொடக்கத்தில் போனால் கூட்டம் குறைவு. ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848இல் உருவானது. மலர்க் கண்காட்சி வழக்கமாக மே மாதத்தில். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் முறை வந்தது, புறப்படும் முன் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயிலில் இடம் கிடைத்தால் அதுவே போதும்: 46 கிலோமீட்டர், 16 குகை. ஒவ்வொரு குகையிலும் கூட்டமாகக் கத்த அனுமதி உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுக்கலாமா?

கற்றுக்கொடுங்கள், ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள் கையெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும். படி இருக்கிற கிணறாக இருக்கவேண்டும். காய்ந்த சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டினாலும் கண்ணை எடுக்கக்கூடாது. மணல் அள்ளிய ஆற்றுக்கும், கல்குவாரிப் பள்ளத்துக்கும், புதிய அணைப் பகுதிக்கும் வேண்டவே வேண்டாம். கோடை லீவில் இப்படிப் போன பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வருடமும் நாளிதழில் படிக்கிறோம். எங்கள் ஊரிலும் ஒரு வீட்டில் நடந்தது.

பதினைந்து வயது மகன் எதற்கும் வரமாட்டேன் என்கிறான்.

பார்வையாளனாகக் கூப்பிட்டால் வரமாட்டான். பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நிழலில்லா நாளைப் படம் பிடித்துச் சேர்ப்பது, தம்பிக்கு நுங்கு வண்டி கட்டிக் கொடுப்பது, பனங்காட்டுக்கு வழி விசாரித்து எல்லோரையும் கூட்டிப்போவது. "நீ இல்லாட்டி இது நடக்காதுடா" என்பது உண்மையாக இருக்கவேண்டும், சும்மா சொன்னால் கண்டுபிடித்துவிடுவான்.

நாங்கள் கனடாவில் இருக்கிறோம். இங்கே எப்படி?

உங்களுக்கு ஒன்று இருக்கிறது, எங்களுக்கு இல்லை. மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது மேப்பிள் மரத்தில் துளையிட்டு நீர் எடுத்து, காய்ச்சிப் பாகாக்கும் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போகலாம். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் மரநீர் தேவை. அதே வாரங்களில் இங்கே பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்தே ஆச்சிக்கு வீடியோ அழைப்பு போட்டு இரண்டு கொப்பரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு ஆச்சியிடம் பதில் இருக்கும். நிழலில்லா நாள் மட்டும் அங்கே எந்த வருடமும் வராது, கடகரேகைக்கு வடக்கே போய்விட்டீர்கள்.

வடாம் காயும்போது கோடை மழை வந்துவிட்டால்?

வரும், சித்திரையில் சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு வரும். முதல் இடி கேட்டதும் எல்லோரும் மாடிக்கு ஓடி, வேட்டியை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டு இறங்குங்கள். இடி மின்னல் இருக்கும்வரை மாடியிலும் மரத்தடியிலும் யாரும் நிற்கக்கூடாது. அது ஓய்ந்து வெறும் மழையாக ஆனபின் பிள்ளைகளை வாசலில் நனையவிடுங்கள், நீங்களும் நனையுங்கள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, வடாத்தைத் தாம்பாளத்தில் பரப்பி இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். மறுநாள் வெயிலில் சரியாகிவிடும்.